மகப்பேறு மருத்துவரிடம் முதல்முறை: தள்ளிப்போகும் மாதவிலக்கு, ஏறும் எடை, பிறகு கர்ப்பம்

முகத்தில் முடி வளர்ந்தால் பியூட்டி பார்லர், எடை ஏறினால் ஜிம், மாதவிலக்கு தள்ளிப்போனால் நாட்டு மருந்துக் கடை, குழந்தை தாமதமானால் கருத்தரிப்பு மையம். ஒரே உடம்பில் இருக்கும் ஒரே கோளாறை நான்காகப் பிரித்து நான்கு இடங்களில் காசு வாங்குகிறார்கள். மகளிர் நலப் புறநோயாளிப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். இருபது வயதில் வந்திருக்க வேண்டிய பெண், அந்த நான்கு வாசலையும் ஏறி இறங்கிவிட்டு முப்பதில் வந்து உட்காருவது அங்கே அன்றாடக் காட்சி. இது அப்படி அலையாமல் நேராக வர நினைக்கிறவர்களுக்கு.

கோளாறின் பெயர் பி.சி.ஓ.எஸ்., அதாவது பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம். ஊரில் 'நீர்க்கட்டி' என்கிறார்கள். கட்டி என்றதும் ஆபரேஷனா என்று அம்மாக்கள் பதறிவிடுகிறார்கள். அறுத்து எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. மாதாமாதம் ஒரு சினைமுட்டை முதிர்ந்து வெளியேற வேண்டும். அது நடக்காமல், பாதி வளர்ச்சியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள்தான் ஸ்கேனில் முத்துமுத்தாகத் தெரிகின்றன. பலருக்கு இதன் பின்னால் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையும், ஆண்களுக்கு அதிகம் இருக்கும் ஹார்மோன் சற்றுக் கூடியிருப்பதும் இருக்கும். எடை, முடி, முகப்பரு, மாதவிலக்கு எல்லாம் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

எப்போது கிளம்ப வேண்டும்

வயதுக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகள் மாதவிலக்கு முன்பின்னாக வருவது சகஜம். அதற்காக யாரும் ஓட வேண்டாம். வளர்ந்த பெண்ணுக்கு 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் வந்துகொண்டிருந்தால் ஒழுங்காக வருகிறது என்றே அர்த்தம். 28-ம் நாள் காலண்டரைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாக வந்தாலோ, ஒரு முறையாவது 90 நாள் தாண்டிப் போனாலோ போய்க் காட்ட வேண்டும்.

தாடையிலும் மேலுதட்டிலும் கரடுமுரடான முடி, ஆறாத முகப்பரு, உச்சந்தலையில் முடி அடர்த்தி குறைவது ஆகியவையும் கணக்கில் வரும். இன்னொன்றைப் பெரும்பாலும் யாரும் நோயாகவே நினைப்பதில்லை. பின்கழுத்தில் வெல்வெட் துணியைத் தடவுவதுபோல் தடித்த கருமை. "கவரிங் செயின் போட்டதால் வந்தது" என்பார்கள். எலுமிச்சை, உருளைக்கிழங்கு, தயிர் எல்லாம் தேய்த்துத் தோல் புண்ணாகி வந்தவர்கள் உண்டு. செயினைக் கழற்றினாலும் அது போகாது; அக்குளிலும் அதே கருமை இருக்கிறதா என்று பாருங்கள். இன்சுலின் தன் வேலையைச் செய்யத் திணறுகிறது என்பதைத் தோல் அப்படித்தான் சொல்லும்.

"கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். தாலி கட்டுவதால் எந்த ஹார்மோனும் இறங்கியதில்லை. மாதக்கணக்கில் உதிரப்போக்கே இல்லாவிட்டால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். ஆண்டுகள் கழித்து அது புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் கூடுகிறது. சர்க்கரை நோயும் இந்தப் பெண்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. மாதவிலக்கு வராதது நிம்மதிதானே என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கு இவ்வளவு காரணம் போதும்.

சில அறிகுறிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மணிக்கு ஒரு நாப்கின் வீதம் முழுக்க நனைந்தால், எழுந்து நின்றால் தலைசுற்றி மயக்கம் வந்தால், நாள் தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடைசியாகச் சொன்னது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம். 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்து முடிக்க வேண்டியவை

மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி என்பது. பத்தில் எட்டுப் பேர் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். நம் வீடுகளில் சுவரில் தொங்குவது தினசரி காலண்டர். அதில் குறித்து வைத்தால் மறுநாள் தாளோடு சேர்ந்து தேதியும் குப்பைக்குப் போய்விடும். மாதக் காலண்டரிலோ போனிலோ குறியுங்கள். உதிரம் தொடங்கிய நாள்தான் முதல் நாள்; தலைக்குக் குளித்த நாளைச் சொல்லிக் குழப்பிவிடாதீர்கள். கடந்த ஆறு முறை வந்த தேதி, ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் இருந்தது, இவை ஒரு துண்டுத்தாளில் இருந்தால் மருத்துவர் பாதிக் கதையை அதிலேயே படித்துவிடுவார்.

அதே தாளில், அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு இருக்கிறதா, உங்கள் எடை எந்த ஆண்டிலிருந்து ஏறியது, இப்போது என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்றும் எழுதுங்கள். பொடி, கஷாயம், புரோட்டீன் ஷேக், தெரிந்தவர் கொடுத்த மாத்திரை எல்லாம் அதில் வர வேண்டும். திட்டுவார்களோ என்று மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.

உடை விஷயம் சின்னதுதான், ஆனால் சொல்ல வேண்டும். வயிற்றில் ஸ்கேன் எடுக்க நேரலாம். மேலும் கீழும் தனித்தனியாக இருக்கும் உடை போதும். கால்வரை ஒரே துணியாகத் தைத்த அனார்கலியில் வந்து கூச்சத்தில் நெளிந்தவர்கள் பலர். மாதவிலக்கு நேரத்தில் போகலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். சில ஹார்மோன் பரிசோதனைகளுக்கு இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ரத்தம் கொடுப்பதுதான் வசதியே.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவு இருக்கிறது; காலையில் ஓ.பி. சீட்டு வாங்கினால் காசில்லாமல் பார்க்கலாம். சென்னை எழும்பூர் மருத்துவமனை 1844-லிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. பிரசவத்துக்கு மட்டும்தான் அங்கே போக வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படியில்லை. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், மருத்துவர் உங்களோடு பேசும் நேரம் குறைவு. தனியாரில் நேரம் கிடைக்கும், பணம் போகும். எதைத் தேர்ந்தாலும், சொந்தமாகப் பொடி விற்கும் இடத்தையும், திருமணமே ஆகாத உங்களுக்கு முதல் நாளிலேயே கருத்தரிப்பு 'பேக்கேஜ்' பேசும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

அறைக்குள்ளே

"கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்பார்கள். ஜாதகம் பார்க்க அல்ல. உடலுறவு இருந்திருக்கிறதா என்பதை நம் ஊரில் அப்படிச் சுற்றிவளைத்துத்தான் கேட்கிறார்கள். நேராகக் கேட்கும் மருத்துவர்களும் இப்போது வந்துவிட்டார்கள், நல்லது. அந்தப் பதிலை வைத்துத்தான் எந்தப் பரிசோதனை, எந்த ஸ்கேன், கர்ப்பமா என்று பார்க்க வேண்டுமா என்பதெல்லாம் முடிவாகிறது. திருமணமாகாமல் உறவு இருந்திருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தால் எப்படிச் சொல்வது? "டாக்டர், உங்களிடம் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்" என்ற ஒரு வாக்கியம் போதும்; அம்மாவை வெளியே அனுப்பும் வேலையை அவர் பார்த்துக்கொள்வார். 18 வயது நிரம்பியவர் தனியாகவே வரலாம், தன் சம்மதத்தைத் தானே கொடுக்கலாம். நீங்கள் சொன்னதை வீட்டாரிடம் சொல்ல மருத்துவருக்கு உரிமை கிடையாது. சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை எழுதினால் சந்தேகப்படுகிறார் என்று முகம் சுளிக்காதீர்கள். நாள் தள்ளிப்போனது என்று வரும் எல்லோருக்கும் அதுதான் முதல் பரிசோதனை.

பிறகு உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். கழுத்தில் தைராய்டு வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். பெண்ணுறுப்பு வழியாகச் செய்யும் உள்பரிசோதனை எல்லோருக்கும் தேவைப்படாது. உடலுறவே இல்லாத பெண்ணுக்கு இந்தப் பிரச்சினைக்காக அதைச் செய்ய வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. செய்ய வேண்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள், வேண்டாம் என்றும் சொல்லலாம். பரிசோதிப்பவர் ஆண் மருத்துவர் என்றால் பெண் செவிலியர் ஒருவர் கூட இருந்தாக வேண்டும்.

ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தவிக்கிறார்கள். ஒரு மணி நேரம் முன்பு ஒரு லிட்டர் தண்ணீர் குடி என்பார்கள்; குடித்து முடித்ததும் முன்னால் இன்னும் பன்னிரண்டு டோக்கன் இருக்கும். அடக்க முடியாமல் போய்விட்டு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. எனவே வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறக்காதீர்கள். எத்தனையாவது டோக்கன் உள்ளே போயிருக்கிறது என்று கேட்டு, உங்களுக்கு முன் நான்கைந்து பேர் இருக்கும்போது குடிக்கத் தொடங்குங்கள். உள்ளே, அடிவயிற்றில் சில்லென்று ஜெல் தடவி, ஒரு கருவியை அழுத்தி நகர்த்துவார்கள். நிறைந்த பை மேல் அழுத்துவது சங்கடம்தான், ஆனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். உள்வழியாக எடுக்கும் ஸ்கேன் உடலுறவு இருந்தவர்களுக்கு மட்டும், அதுவும் சம்மதம் கேட்ட பிறகு.

ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று எழுதிவிட்டதாலேயே நோய் உறுதியாகிவிடாது. மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் கூடுதலுக்கான அறிகுறியோ ரத்த முடிவோ, ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். 2003-ல் ராட்டர்டாமில் வகுத்த இந்த அளவுகோலைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், வளர்ந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனையையும் ஏற்கிறது. ஆனால் வயதுக்கு வந்து எட்டு ஆண்டு ஆகாதவர்களுக்கு ஸ்கேனையும் இதையும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்கிறது. அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையும் அப்படித்தான் தெரியும். பிளஸ் டூ படிக்கும் பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பமே அழுதுகொண்டிருந்தால், இந்த வரியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மற்றக் காரணங்களையும் விலக்க வேண்டும் என்பதால் ரத்தத்தில் தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைப் பார்ப்பார்கள். சர்க்கரையும் கொழுப்பும் கட்டாயம். பட்டியல் நீண்டுகொண்டே போனால், "இந்தப் பரிசோதனையின் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை மாறும்?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் விளக்குவார். விளக்கம் வராத பரிசோதனையை அடுத்த முறைக்குத் தள்ளிவைக்கலாம்.

மாத்திரைச் சீட்டைப் படிப்பது

மாதக்கணக்கில் வராதவர்களுக்கு முதலில் சில நாள்களுக்கு ஒரு புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை தருவார்கள். அதை நிறுத்திய சில நாள்களில், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள், உதிரப்போக்கு வரும். இது நோய் தீர்ந்ததன் அடையாளம் அல்ல, தடித்த சவ்வை வெளியேற்றும் ஏற்பாடு.

அடுத்தது பெரிய பஞ்சாயத்து. மருந்துக்கடையில் மாத்திரையை நீட்டும்போதே, "இது கருத்தடை மாத்திரை ஆயிற்றே" என்று கடைக்காரர் உரக்கச் சொல்லிவிடுவார். ஆமாம், அதேதான். மாதவிலக்கை ஒழுங்காக்கவும், முடி, பரு குறையவும் இந்தக் கோளாறில் பல காலமாகத் தரப்படும் மருந்து. சாப்பிட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்பது பொய். நிறுத்தினால் உடல் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. கண்ணில் மின்னல் வெட்டி ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

மெட்ஃபார்மின் எழுதினால், "எனக்குச் சர்க்கரை இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இன்சுலின் வேலையைச் சுலபமாக்கத் தருகிறார்கள். முதல் இரண்டு வாரம் வயிறு கலங்கும். சாப்பிட்ட பிறகு போட்டு, சிறு அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எடையைப் பற்றி

பி.சி.ஓ.எஸ். உள்ள எல்லோரும் பருமனானவர்கள் அல்லர், ஒல்லியானவர்களுக்கும் வரும். அவர்களிடம் எடையைக் குறை என்பது அபத்தம். எடை கூடியிருப்பவர்களிடம் "வாயைக் கட்டு" என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் அபத்தத்தில் சேர்த்திதான். இன்சுலின் கூடியிருக்கும் உடம்பில் எடை சுலபமாக ஏறும், இறங்க மறுக்கும்.

கணக்கைப் போடுங்கள். 155 செ.மீ. உயரம், 68 கிலோ எடை. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் 28.3 வரும். இதுதான் உடல் நிறைக் குறியீடு. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டக் கூடாது. இந்தப் பெண் 50 கிலோவுக்கு வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து முதல் பத்து சதவீதம், அதாவது மூன்றரை முதல் ஏழு கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு திரும்பிவிடுகிறது. ஆறு மாதத்தில் எட்டக்கூடிய தூரம்.

சாப்பாட்டில் பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம், 160 கலோரி. அங்கே தொடங்குங்கள். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பொரியல், சுண்டல், முட்டை அல்லது மீன் வையுங்கள். இரவில் மிஞ்சிய மாவைத் தீர்ப்பது பெண்களின் கடமை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேர்க்க நடப்பது, இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுப்பது. வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்ற வாதம் எடை மெஷினிடம் எடுபடாது.

இப்போது எல்லோரும் கேட்கும் ஊசிக்கு வருவோம். டிர்செபடைட் 2025 மார்ச்சில் 'மவுன்ஜாரோ' என்ற பெயரிலும், செமாக்ளூடைட் அதே ஆண்டு ஜூனில் 'வெகோவி' என்ற பெயரிலும் எடைக்குறைப்புக்கென்று இந்தியச் சந்தைக்கு வந்தன. வாரம் ஒரு முறை தோலுக்கடியில் போடுவது. பசியை அடக்கி, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். நிஜமாகவே எடை குறைகிறது. இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்க முடியாது. ஆனால் திருமணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது, பத்து கிலோ குறைய வேண்டும் என்று வருகிறவர்களுக்கான மருந்தும் அல்ல. உடல் நிறைக் குறியீடு 30-க்கு மேல், அல்லது 27-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய் இருப்பவர்களுக்கு என்றுதான் அனுமதி. எழுதித் தர வேண்டியவர் ஹார்மோன் நிபுணரோ பொது மருத்துவ நிபுணரோதான். அழகு நிலையத்திலோ ஜிம்மிலோ வாங்கக் கூடாது.

மிகக் குறைந்த அளவில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு முறை கூட்டுவார்கள். குமட்டல், மலச்சிக்கல் வரும். பித்தப்பைக் கல், கணைய அழற்சி அரிது என்றாலும் வரலாம்; முதுகுக்குப் பாயும் கடும் வயிற்றுவலி வந்தால் ஊசியை நிறுத்தி உடனே போங்கள். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த மருந்தே கூடாது. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது. மாதாமாதம் எவ்வளவு காலம் இந்தச் செலவைத் தாங்க முடியும் என்று வீட்டில் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

பெண்களுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு, அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. எடை இறங்கியதும் நின்றிருந்த சினைமுட்டை வெளியேற்றம் திரும்பிவிடும். எனக்குத்தான் குழந்தையே தங்காதே என்று இருந்தவர்கள் எதிர்பாராமல் கர்ப்பமாவார்கள். கர்ப்பத்தில் இந்த ஊசிகள் கூடாது. கருத்தரிக்க முயலும் முன் செமாக்ளூடைட்டை இரண்டு மாதமாவது, டிர்செபடைட்டை ஒரு மாதமாவது முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கக்கூடும். தொடங்கிய நான்கு வாரமும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறை நான்கு வாரமும் ஆணுறையும் வேண்டும்.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் குறைந்தது ஓராண்டு, முடிந்தால் ஒன்றரை ஆண்டு கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். இரும்பு, பி12 போன்றவை அதன்பின் ஆயுளுக்கும் தொடரும்.

குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தால்

ஃபோலிக் அமில மாத்திரையை முயற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்கு ஓராண்டு முயன்று பார்க்கச் சொல்வார்கள், 35 வயது தாண்டினால் ஆறு மாதம். உங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால் அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

கணவரின் விந்துப் பரிசோதனை முதலிலேயே முடிய வேண்டும். பெண்ணுக்கு ஊசியும் ஸ்கேனும், வயிற்றில் துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியும் முடிந்த பிறகு, கடைசியாக "இவருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா" என்று வருவது நம் ஊர் வழக்கம். ஒரு காலை வேளையில் முடியும் பரிசோதனை அது. அவர் மறுத்தால், உங்களுக்கான அடுத்த பரிசோதனையை அதுவரை நிறுத்திவைக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள், வேலை நடக்கும்.

முட்டை வெளியேற லெட்ரோசோல் மாத்திரையைத்தான் இப்போது முதலில் தருகிறார்கள். மாதவிலக்கின் தொடக்கத்தில் ஐந்து நாள் சாப்பிட வேண்டும். டப்பாவில் உள்ள தாளைப் படித்தால் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று போட்டிருக்கும், பயப்பட வேண்டாம். 2011-ல் குழந்தையின்மைக்கு இதைப் பயன்படுத்த இந்தியாவில் தடை வந்தது, 2017-ல் நீக்கப்பட்டது. தடை செய்யப்பட்ட மருந்து என்று உறவினர் யாராவது சொன்னால் பாதிக் கதைதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு கோடு விழுந்த பிறகு

காலை முதல் சிறுநீரில் பார்த்து உறுதியானதும் இரண்டு வேலை. முதலாவது, சீக்கிரமே ஒரு ஸ்கேன். ஒழுங்கில்லாத மாதவிலக்கு உள்ளவர்களுக்குத் தேதியை வைத்துப் போடும் கணக்கு தப்பாகும். வயிற்றில் ஆறு வாரம்தான் ஆகியிருக்கும், தேதிப்படி பத்து வாரம் காட்டும். பிரசவ நாளே அதை நம்பித்தான் இருக்கிறது.

இரண்டாவது, பதிவு. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதியும் அரசின் பிக்மி இணையதளத்தில் நீங்களே பதியலாம், 102-ல் அழைத்தும் பதியலாம், கிராம அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரிடமும் சொல்லலாம். 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண் ஒன்று தருவார்கள். தனியார் மருத்துவமனையில்தான் பார்க்கிறேன், எனக்கெதற்கு என்று விட்டுவிடாதீர்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். 12 வாரத்துக்குள் பதிந்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் வழி. 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். மொத்தம் 18,000 ரூபாய்: ரொக்கமாக 14,000 மூன்று தவணையில், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் அல்ல.

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது தாய் சேய் நல அட்டையைப் புடவையோடு பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் அந்த ஊர் செவிலியரிடம் எண்ணைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள்.

பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்குக் கர்ப்பகால நீரிழிவும் ரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் சர்க்கரைப் பரிசோதனையை முதல் சந்திப்பிலேயே செய்து, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் செய்ய வேண்டும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தருவார்கள், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். ரத்தச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. சாப்பிட்டுவிட்டும் வரலாம் என்பது இந்த முறையின் வசதி. பஸ் ஏறி வரும் கர்ப்பிணி வெறும் வயிற்றோடு மயங்கி விழக் கூடாதே என்பதை யோசித்த இந்த முறைக்குப் பின்னால் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா இருக்கிறார். திகட்டும் இனிப்பு, மடமடவென்று குடித்தால் குமட்டும். ஐந்து, பத்து நிமிடம் எடுத்து மெதுவாகக் குடியுங்கள். அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும், மறைக்காமல் சொல்லுங்கள்.

கர்ப்பத்தில் எடையைக் குறைக்க முயலக் கூடாது. ஆனால் "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்பதும் வேண்டாம். ஏற்கெனவே எடை கூடியவர்களுக்கு ஒன்பது மாதத்திலும் சேர்த்து ஏழு முதல் பதினொன்றரை கிலோ, மிகப் பருமனானவர்களுக்கு ஐந்து முதல் ஒன்பது கிலோ ஏறினால் போதும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், இரும்பு உடலில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும். டீயோடும் வேண்டாம்.

விடாத தலைவலி, கண் மங்குதல், முகம் திடீரென வீங்குதல், உதிரப்போக்கு, தண்ணீர் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், இவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அடுத்த செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபரிசோதனை உண்டு. குழந்தை கையில் வந்ததும் பெரும்பாலோர் மறந்துவிடும் பரிசோதனை இதுதான். குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசியும் அதே வாரத்தில்தான் வரும். சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு, இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை மட்டும் காலையில் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும், டிபனைப் பையில் எடுத்துக்கொண்டால் ரத்தம் கொடுத்து முடித்ததும் அங்கேயே சாப்பிடலாம்.